இருவினையும் ஓர் அச்சும்

விருத்தாசலத்தில் மாசி மகப் பெருவிழாவின்போது ஐந்து தேர்கள் ஓடுகின்றன. விநாயகர் முன்செல்ல, முருகப் பெருமானும் பழமலைநாதரும் பெரியநாயகியம்மையும் தத்தம் தேர்களில் தொடர, சண்டிகேசுவரர் ஈற்றில் வருகிறார். வடத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ளும் ஜனத்திரளின் பார்வையெல்லாம் மேலே எழுந்தருளியிருக்கும் திருவுருவங்களின்மீது படிந்திருக்க, கீழே சக்கரங்களை ஒட்டிக் குனிந்தும் நிமிர்ந்தும் ஓடிவருகிற முட்டுக்கட்டைக்காரர்களை ஏறிட்டுப் பார்ப்பவர் அருமை. தேர் இடப்புறம் திரும்ப வேண்டுமானால் இடச்சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுக்கிறார்கள்; அந்தச் சக்கரம் தயங்க, வலச்சக்கரம் முன்னேற, அவ்வளவு பாரமும் ஒரு சாண் அளவு திரும்புகிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்த நிலையில் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் உடையது. திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்த பிறகும் வீதி முனையில் அதைத் திருப்பி வைப்பது முட்டுக்கட்டையே. இழுப்பவர் ஆயிரக்கணக்கானோர்; நெறிப்படுத்துபவர் சிலர். இழுப்பு எவ்வளவு பலமானதாயினும் தேர் எந்தத் திசையில் போகும் என்பதை அந்தப் பலம் தீர்மானிப்பதில்லை.

சமய வாழ்வைப் பற்றி நாம் பேசுகிறபோது பெரும்பாலும் வடத்தைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு ஜபம், எத்தனை விரதம், எத்தனை ஸ்தல யாத்திரை, எத்தனை பேருக்கு அன்னதானம் என்று பலத்தின் கணக்கைத்தான் கேட்கிறோம். அந்தப் பலம் மனிதனை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று கேட்பவர் குறைவு. ஒருவர் வாழ்நாளெல்லாம் கோயில் திருப்பணி செய்து, அந்தத் திருப்பணியாலேயே அகங்காரம் முற்றி, தாம் செய்த மண்டபத்தில் தம் பெயரைத் தவிர வேறெதையும் காணமாட்டாதவராய் ஆகிவிடக்கூடும். அவரிடம் பலத்திற்குக் குறைவில்லை, சக்கரம் கோணியிருந்தது. இந்தக் கோணல் எங்கே இருக்கிறது, அதை நேராக்குவது யார் செயல், நேரானபின் ஆன்மா எதைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது என்ற கேள்விகளைச் சைவ சித்தாந்தம் ஆராய்ந்திருக்கும் அளவு நுட்பமாக வேறெங்கும் ஆராய்ந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சித்தாந்தம் பிறந்து வளர்ந்த பூமியும் இதுவேதான். விருத்தாசலத்திலிருந்து திருச்சி செல்லும் ரயில் பாதையில் தென்மேற்கே சிறிது தூரம் சென்றால் பெண்ணாடம்; திருநாவுக்கரசர் தம் தோளில் சூல முத்திரையும் இடப முத்திரையும் பெற்ற தூங்கானைமாடம் அங்கேதான் இருக்கிறது; பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் அவதரித்ததும் அவ்வூரிலேயே. அவரைச் சிறுவயதில் மாமன் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அவருக்கு மாணாக்கரான அருள்நந்தி சிவம் பண்ணுருட்டியை அடுத்த திருத்துறையூர்க்காரர்; உமாபதி சிவம் வாழ்ந்தது சிதம்பரத்தின் எல்லையிலுள்ள கொற்றவன்குடியில். குருபரம்பரையினரான இந்தச் சந்தானாசாரியர்கள் நடமாடிய பிரதேசத்தில் ஒருவன் தேரோட்டத்தைக் கண்டு சாஸ்திரத்தை நினைப்பதும், சாஸ்திரத்தைப் படித்துத் தேரோட்டத்தை நினைப்பதும் இயல்பேயாகும்.

ஆன்மா பந்தத்திலிருந்து விடுபடும் படிமுறையை அவர்கள் சொல்லும்போது மூன்று நிலைகளை அடுத்தடுத்து வைக்கிறார்கள். முதலில் இருவினையொப்பு, அதனோடு கூடி மலபரிபாகம், அதன்மேல் சத்திநிபாதம். நல்வினையும் தீவினையும் ஒப்பாக வேண்டும், ஆணவ மலம் தன் மறைக்கும் வலி தளர்ந்து பக்குவப்பட வேண்டும், அப்போது திருவருட் சக்தி ஆன்மாவின்மீது பதியும் என்பது இதன் சுருக்கம். மூன்றில் பின்னிரண்டையும் ஏதோ ஒருவாறு விளங்கிக்கொள்ளுகிற வாசகர்கள்கூட முதலாவதில் தடுக்கி நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நன்மையும் தீமையும் எப்படி ஒப்பாகும்? தராசின் ஒரு தட்டில் புண்ணியத்தையும் மறு தட்டில் பாவத்தையும் வைத்து, முள் நடுவே நிற்கும் தருணத்தில் முக்தி என்று கொண்டால், கொடியவன் ஒருவன் தான் செய்த கொலைகளுக்குச் சரியாகச் சத்திரங்களைக் கட்டிவைத்துக் கணக்கை நேராக்கிவிடலாம் என்றாகும். அதைவிட விபரீதமாக, புண்ணியம் மிகுந்த சாது ஒருவர் கணக்கைச் சமன்செய்யச் சிறிது பாவம் தேட வேண்டும் என்றும் ஆகும். இத்தகைய முடிவு எந்தச் சாஸ்திரத்துக்கும் உடன்பாடாக இருக்க முடியாது.

ஆகவேதான் மாபாடியம் செய்த சிவஞான முனிவர் முதலிய உரைகாரர்கள் இவ்விடத்தில் மிகுந்த கவனத்தோடு பேசுகிறார்கள். ஒப்பு என்பது வினைகளின் அளவில் இல்லை. வினைகளையும் அவற்றின் பயன்களான இன்ப துன்பங்களையும் ஏற்கிற அறிவில் இருக்கிறது. இன்பம் வந்தபோது அதன்பால் சாய்ந்து ஓடாமலும், துன்பம் வந்தபோது அதைவிட்டு விலகி ஓடாமலும், இரண்டிலும் ஒரே விதமான உவர்ப்புத் தோன்ற நிற்கும் நிலையே இருவினையொப்பு. சொல்லளவில் இது எளிது. ஆனால் வாழ்வில் ஒருவனுக்குக் கிடைத்திருக்கும் இன்பமும் துன்பமும் அளவாலும் தன்மையாலும் முற்றும் வேறுபட்டவையாக இருக்க, அவற்றைத் தாங்கும் அறிவு மாத்திரம் கோணாமல் நிற்பது எவ்வாறு என்ற ஐயம் எஞ்சியே இருக்கிறது.

இந்த ஐயத்துக்குப் புராணக் கதை ஒன்று வழிகாட்டுகிறது. பண்ணுருட்டிக்கு அருகே கெடிலக்கரையிலுள்ள திருவதிகை அட்டவீரட்டங்களில் ஒன்று. திரிபுர தகனம் நிகழ்ந்த ஸ்தலம். அங்கே சிவபெருமான் ஏறிச்சென்றதாகப் புராணம் வருணிக்கிற தேரின் அமைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். பூமியே தேர்த்தட்டு, நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி, மேரு வில், சக்கரங்களாகச் சூரியனும் சந்திரனும். தேருக்கு இரண்டு சக்கரங்கள் வேண்டுமென்றால் ஒத்த இரண்டைத் தேர்ந்தெடுப்பதே தச்சன் செய்யும் காரியம். புராணமோ, ஒன்று சுட்டெரிப்பதும் மற்றொன்று குளிர்விப்பதுமான, ஒன்று என்றும் முழுமையாக விளங்குவதும் மற்றொன்று தேய்ந்து வளர்வதுமான, உலகத்தில் இதைவிட ஒவ்வாத ஜோடி இல்லையென்னும்படியான இரண்டைப் பூட்டியிருக்கிறது. அந்தத் தேர் புறப்பட்ட சிறிது நேரத்தில் அச்சு முறிந்தது என்றும், விநாயகரை வணங்காது புறப்பட்டதால் அவர் அதை முறித்தார் என்றும் அச்சிறுபாக்கத்து ஸ்தல புராணம் கூறுகிறது. சக்கரங்கள் ஒவ்வாதவை என்பதனால் தேர் நிற்கவில்லை. அவற்றை இணைத்த அச்சு முறிந்ததனால்தான் நின்றது. புராணம் செய்தவர் இதை உத்தேசித்தாரோ இல்லையோ, கருத்து அங்கே இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இவ்வளவையும் புத்தகத்தில் படித்து அறிந்திருந்தும் எனக்கு இது கண்ணெதிரே பிரத்தியட்சமானது விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில். இவ்வூரில் களிமண் சம்பந்தமான வேலை நடக்காத பக்கம் குறைவு. மின்சார ஃபியூஸ் கட்டைகள், கம்பிகளைத் தாங்கும் பீங்கான் உருளைகள், அகல் விளக்குகள், பிள்ளையார் பொம்மைகள் எல்லாம் சூளையிலிருந்து வெளிவருகின்றன. கோணியவையும் விரிசல் கண்டவையும் சுவரோரம் குவிகின்றன. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் எல்லாரும் அறிந்த பேரிங் வண்டி, அதாவது மெக்கானிக் ஷெட்டில் கெஞ்சி வாங்கிவந்த மூன்று பழைய பேரிங்குகளை ஒரு பலகையில் மாட்டிச் சரிவில் விடுகிற வண்டி, இங்கேயும் உண்டு. ஆனால் பத்து வயது மதிக்கத்தக்க அந்தப் பையன் செய்துகொண்டிருந்தது ஒரு முழத்துக்கும் குறைவான சிறிய மர வண்டி. அதற்குச் சக்கரங்களாக அவன் பொறுக்கி வைத்திருந்தவை, நடுவே துளையுள்ள கழிவுப் பீங்கான் உருளைகள்.

பச்சைக் களிமண் உலரும்போது ஒரு தரம் சுருங்குகிறது, சூளையில் வேகும்போது மறுபடியும் சுருங்குகிறது. வார்த்த அச்சு ஒன்றேயானாலும் சூளையில் இருந்த இடத்தின் சூட்டுக்கும் மண்ணிலிருந்த ஈரத்துக்கும் தக்கபடி சுருக்கம் சற்றே கூடிக் குறையும். ஆதலால் அவனுடைய உருளைகளில் இரண்டு சரியாக ஒத்திருக்கவில்லை. ஒரு பக்கத்துச் சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படியே சிறியதாக இருந்தது. மெருகிட்ட பெரிய ஓடு ஒன்றைச் செங்கல்லின்மேல் சாய்த்து வைத்து, அதில் கரிக்கட்டியால் நேர்கோடு ஒன்று கிழித்து, வண்டியைக் கோட்டின் தலையில் நிறுத்திக் கையை எடுத்தான். அது பாதி தூரம் நேராக வந்து, பிறகு இடப்புறம் நழுவி ஓரத்தில் விழுந்தது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் அதே பக்கம் விழுந்தது.

"தம்பி, ஒரு சக்கரம் சின்னதா இருக்கே, வேற எடுத்து மாட்டக் கூடாதா?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமாத்தான் தாத்தா இருக்கும். சுட்டதை ஒண்ணும் பண்ண முடியாது. ஆணியைத்தான் பார்க்கணும்" என்று தலை நிமிராமலே சொன்னான்.

சிறிய சக்கரத்தின் ஆணியை முன்பே சற்றுத் தாழ்த்தி அடித்திருந்தான். அதனால் பலகை மட்டமாக நின்றது. முன்பக்கத்து ஆணி ஒன்று மயிரிழை அளவு வளைந்திருந்தது. அதைக் குறட்டால் பிடித்து மெல்லத் திருகத் திருக, அதில் மாட்டியிருந்த சக்கரத்தின் முகம் உள்நோக்கியும் வெளிநோக்கியும் மாறிற்று. திருகுவான், விடுவான், எவ்வளவு விலகியது என்று கரிக்கோட்டோடு ஒப்பிடுவான், மீண்டும் திருகுவான். கடைசியில் வண்டி கோட்டைவிட்டு விலகாமல் அடிவரை வந்து சேர்ந்தது. சக்கரங்கள் முன்பு இருந்தபடியே ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாகத்தான் இருந்தன.

பிராரத்தம் என்று சாஸ்திரம் சொல்லுவது சுட்ட மண். அது இப்பிறவியில் அனுபவத்துக்கு வந்துவிட்டது. அதைக் கரைத்து வேறு வடிவமாக வனைய இயலாது. ஒருவனுக்குச் செல்வச் செழிப்பும் தீராத நோயும் ஒருங்கே வாய்த்திருக்கலாம். மற்றொருத்திக்கு நல்ல மக்களும் கொடிய வறுமையும் வாய்த்திருக்கலாம். இவற்றை அளந்து சமமாக்குவது எவராலும் ஆகாத காரியம். ஆனால் அந்த இரண்டும் எதில் மாட்டப்பட்டுச் சுழல்கின்றனவோ, அந்த அறிவு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது இன்னும் இறுகிப் போகவில்லை. அது சுடப்படாத பாகம். இருவினையொப்பு அங்கே நிகழ்கிறது. உரைகாரர்கள் இத்தனை காலமாகச் சொல்லிவந்ததும் இதுவே. எனினும் கரிக்கோட்டின்மீது அது நிகழக் கண்டபிறகுதான் அது எனக்கு நம்பிக்கை என்ற நிலையைக் கடந்து அறிவாயிற்று.

உலகத்தின் மறுகோடியிலும் இந்தக் கலையைச் சிறுவர்கள் பயில்கிறார்கள். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாகாணத்து மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளையர் கூட்டம் ஒன்றை நடத்திவந்த டான் மர்ஃபி என்பவர், பெரிய பையன்கள் தாங்களே செய்த வண்டியில் ஏறிச் சரிவில் ஓட்டும் பந்தயத்தில் கலந்துகொள்ளும் வயது தம் மகனுக்கு இன்னும் ஆகவில்லையே என்று எண்ணி, கையளவு மரக்கட்டையில் வண்டி செதுக்கிச் சாய்தளத்தில் ஓடவிடும் போட்டியை 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிவைத்தார். பைன் மரத்துண்டு ஒன்று, அச்சாக நான்கு ஆணிகள், நான்கு சக்கரங்கள்; நீளம் சுமார் ஏழு அங்குலம்; எடை ஐந்து அவுன்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய 142 கிராமுக்கு மிகக்கூடாது. இயந்திரமோ வில்லோ எதுவும் கிடையாது. பூமியின் ஈர்ப்பு ஒன்றே அவற்றை ஓட்டுகிறது. அது எல்லா வண்டிக்கும் சமமாகக் கிடைப்பது. ஒரே உயரத்திலிருந்து ஒரே எடையோடு புறப்படும் வண்டிகளில் ஒன்று முந்துகிறதென்றால், அந்த வண்டிக்கு ஈர்ப்பு அதிகமாகக் கிடைத்தது என்பதல்ல காரணம். தடை குறைவாக இருந்தது. ஆணி கரடாக இருந்தால் உராய்வில் பலம் போகிறது; சக்கரம் கோணினால் வண்டி பக்கத்துக்குப் பக்கம் மோதி மோதி ஒவ்வொரு மோதலிலும் வேகத்தை இழக்கிறது. ஆகவே அங்குள்ள சிறுவர்கள் ஆணியை மெருகேற்றுகிறார்கள். காரீயப் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டைப் பொடியாக இடுகிறார்கள். சாய்ந்த பலகையில் விட்டு விலகலை அளந்து வளைந்த ஆணியைத் திருகுகிறார்கள். நான்கு சக்கரங்களில் முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாதவாறு சற்று உயர்த்தி, மூன்றின்மீதே ஓடவிடுவதும் உண்டு. பட்டினப்பாலை காட்டுகிற காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய சிறுதேரும் மூன்று காலுடையதுதான் என்பது இங்கே நினைவுக்கு வந்து மகிழ்ச்சி தருகிறது.

இந்த வண்டிகளைப் பற்றிய விவரங்களில் என்னை நீண்ட நாள் சிந்திக்க வைத்தது வேறொன்று. அவற்றின் ஓடுபாதையில் ஒவ்வொரு வண்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் எழும்பி நிற்கும். வண்டி அதைக் கால்களுக்கிடையே விட்டுக்கொண்டு ஓடும். வண்டியைத் துல்லியமாக நேராக்கி, எதன்மீதும் படாமல் ஓடச் செய்வதே உத்தமம் என்று நினைக்கத் தோன்றும். அனுபவசாலிகள் கண்டது வேறு. எவ்வளவு நுட்பமாக நேராக்கினாலும் பாதையிலுள்ள சிறு மேடு பள்ளமும் இணைப்பும் வண்டியைச் சற்றே தட்டிவிடுகின்றன. தட்டப்பட்ட வண்டி இடப்பக்கம் மோதி, அந்த மோதலால் வலப்பக்கம் போய் மோதி, மீண்டும் இடப்பக்கம் வந்து அலைகிறது. ஆகையால் அவர்கள் பின்சக்கரங்களை நேராக ஓடவிட்டு, தரையில் படும் முன்சக்கரம் ஒன்றை மாத்திரம் வேண்டுமென்றே இம்மியளவு உள்ளே திருப்பிவைக்கிறார்கள். அப்போது வண்டி நடுச்சட்டத்தை மெல்லச் சார்ந்துகொண்டு, அதைவிட்டு விலகாமலும் அதில் மோதாமலும் கடைசிவரை ஓடுகிறது. தன்னந்தனியே நேராக நிற்க முயன்ற வண்டியைவிட, ஒன்றைச் சார்ந்த வண்டி அமைதியாகவும் விரைவாகவும் போய்ச் சேர்கிறது.

இருவினையொப்பைத் துறவின் சிகரமாகக் கொண்டு, விருப்பும் வெறுப்பும் அற்றவனாய் எதிலும் ஒட்டாமல் நிற்பதே முடிந்த முடிபு என்று கருதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய முயற்சியை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. ஆன்மாவுக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது ஸ்வபாவம் என்று மெய்கண்டார் மரபு கூறுகிறது. அது தனித்து நிற்க வல்லதன்று. பாசத்தைச் சார்ந்தால் பாசமாகவே தோன்றும். பதியைச் சார்ந்தால் பதியின் தன்மையில் அழுந்தும். இரண்டையும் சாராத நடுநிலையில் நெடுநேரம் இருக்க அதற்கு இயலாது. எல்லாவற்றையும் விட்டேன் என்று நிற்பவனை அவமதிப்பான ஒரு சொல் ஒரு புறமும், புகழ்ச்சியான ஒரு சொல் மறுபுறமும் தட்டிவிடுகின்றன, தட்டப்பட்டவன் அலைகிறான். பற்றுகளை விடுவதற்காகவே பற்றற்றவனைப் பற்றிக்கொள்ளும்படி வள்ளுவர் துறவதிகாரத்தில் உபதேசித்ததும் இந்த அனுபவத்தின்மேல்தான் என்று கருதுகிறேன். அந்தச் சார்பு இம்மியளவாகவும் இடைவிடாததாகவும் இருக்க வேண்டும். சட்டத்தின்மேல் அழுத்தமாக இடித்துக்கொண்டு ஓடும் வண்டியும் வேகத்தை இழக்கும். ஆவேசத்தையே பக்தியென்று எண்ணுபவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி, ஓட்டுகிற பலம் எது என்ற கேள்வி. சத்திநிபாதம் என்பதைத் திருவருள் மேலிருந்து ஆன்மாவின்மீது வீழ்தல் என்று சொல்லுவார்கள். சாய்தளத்தில் வண்டியை இழுக்கிற ஈர்ப்பை நினைக்கும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆசை எழாமல் இருக்காது. திருவருள் புதிதாக ஒரு நாள் வந்து சேர்வதன்று. அது அநாதியாக உயிரோடு கலந்தே நிற்கிறது. மலத்தின் வலி தடுத்திருந்த வரையில் மறைந்து தொழிற்பட்டது, தடை தளர்ந்தபோது வெளிப்படையாகப் பதிந்தது என்பதே கொள்கை. ஈர்ப்பும் வண்டி நின்றபோதும் ஓடியபோதும் ஒரே அளவாக இருந்தது. இவ்வளவு தூரம் ஒப்புமை பொருந்துகிறது. இதற்குமேல் பொருந்தாது, பொருந்தாத இடத்தைச் சொல்லாமல் விடுவது சாஸ்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். ஈர்ப்பு வண்டியை அறியாது. கோணிய வண்டிக்காக இரங்காது. பக்குவம் பார்த்துக் காத்திராது. திருவருளோ அறிவே வடிவானது. சக்கரம் கோணியிருந்த காலத்திலும் மறைந்து தொழிற்படும் திரோதான சக்தியாக நின்று, அந்தக் கோணலாலேயே ஆன்மாவை அனுபவத்தில் ஓட்டி, அனுபவத்தினாலேயே அதைப் பக்குவப்படுத்துவது. ஆணியைத் திருகும் கையும் இறுதியில் அதனுடையதுதான்.

அப்படியானால் நம் பிரயத்தனத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விருத்தாசலத்துக் கோயிலின் ஸ்தல விருட்சமான வன்னி மரத்தடியில் ஒரு விடை கிடைக்கிறது. இக்கோயில் திருப்பணியைச் செய்த விபசித்து முனிவர், நாள் முடிவில் அம்மரத்தின் இலைகளை உதிர்த்து வேலையாட்களுக்குக் கூலியாக அளந்து கொடுப்பார் என்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அந்த இலைகள் பொன்னாக மாறும் என்றும் புராணம் சொல்லுகிறது. அள்ளிக் கொடுத்த கை எல்லாருக்கும் ஒன்றே. கொடுத்த இலையும் ஒன்றே. ஆனால் சோம்பி இருந்தவன் கையில் இலை இலையாகவே இருந்தது. பொன்னை உண்டாக்கியது உழைப்பு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எந்த உழைப்பும் இலையைப் பொன்னாக்குவதில்லை. உழைப்பு இல்லாமலே பொன் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. அருளையும் முயற்சியையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தி எழுதப்பட்ட பல வாத நூல்களைக் காட்டிலும் இந்தக் கதை எனக்கு அதிகத் தெளிவைத் தருகிறது.

போட்டி என்றால் முந்துபவரும் பிந்துபவரும் உண்டு. சத்திநிபாதத்திலும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு தரங்களை ஆசிரியர்கள் பகுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒருவன் முந்தியதனால் இன்னொருவன் தோற்றான் என்பது இல்லை. சண்டிகேசுவரர் தேர் கடைசியில் நிலைக்கு வருவதைக் கண்டு அது தோற்றது என்று எந்தக் குழந்தையும் சொன்னதில்லை. முந்துவதையே குறியாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் நடக்கும் பெரிய வண்டிப் பந்தயத்தில், 1973-ஆம் ஆண்டு வெற்றி பெற்ற வண்டியின் மூக்கில் மின்காந்தம் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. வண்டிகளைத் தடுத்து நிறுத்தியிருக்கும் இரும்புத் தகடு விழும்போது அது வண்டியை முன்னே இழுத்துக்கொடுக்கும்படி ஏற்பாடு. கண்டுபிடிக்கப்பட்டு வெற்றி பறிக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த பலம் போதாது, எனக்கென்று தனிப் பலம் ஒன்று வேண்டும் என்கிற இந்த எண்ணத்தை ஆணவத்தின் காரியமென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை; அதைச் செய்யத் துணிந்தவர்கள் பெரியவர்கள், தண்டனையின் அவமானத்தைச் சுமந்தவன் சிறுவன் என்பதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது. பிள்ளையின் வண்டியைத் தாமே செய்து கொடுத்துவிடும் தகப்பன்மார் நம் நாட்டிலும் பல ரூபங்களில் இருக்கிறார்கள். பிள்ளை திருக வேண்டிய ஆணியைத் தாம் திருகிவிட்டால், கோணல் எங்கே என்று கண்டுபிடிக்கும் அறிவு அவனிடம் பிறக்க வழியில்லை. குரு சீடனுக்குச் செய்வதுகூட இதுவன்று; அவர் சரிவில் வைத்துக் கையை எடுக்கச் சொல்லுகிறார், எந்தப் பக்கம் விழுகிறது என்று அவனையே பார்க்கச் சொல்லுகிறார்.

இந்தச் சோதனை மனத்துக்கும் பொருந்தும். நாம் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எந்த வண்டியும் நேராகப் போவதாகவே தோன்றும். சபையில் பேசும்போதும், பூஜையில் அமரும்போதும், பிறர் பார்வை நம்மேல் இருக்கும்போதும் நாம் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறோம். எவரும் பாராத ஒரு நாழிகையில், செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லாதபோது, மனம் தானாக எதை நோக்கி நழுவுகிறது என்று கவனித்தால் ஆணியின் வளைவு தெரிந்துவிடும். அது வழக்கமாக ஒரே பக்கம் நழுவும் என்பதையும் காணலாம். சிலருக்குப் பழைய மனத்தாங்கல், சிலருக்கு வரப்போகிற லாபம், சிலருக்குத் தம் பெருமை. பக்கம் தெரிந்துவிட்டால் திருக வேண்டிய திசையும் தெரிந்துவிடுகிறது.

ஒரு தரம் நேரானது என்றும் நேராகவே இருக்குமா என்பது கடைசியாக எஞ்சும் வினா. அந்தச் சிறுவனின் வண்டி நாலைந்து ஓட்டத்துக்குப் பின் மறுபடியும் கோட்டைவிட்டு விலகத் தொடங்கிற்று. மரத்தில் ஆணியின் பிடி தளர்ந்திருந்தது. அவன் அதைக் குறித்து வருத்தப்படவில்லை, குறட்டைக் கையில் எடுத்தான். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் பதினொன்றாவதோடு ஆன்மா இறைவன் திருவடியை அடைந்துவிடுகிறது. நூல் அங்கேயே நின்றிருக்கலாம். மெய்கண்டார் அங்கே நிறுத்தாமல், அந்த நிலையை எய்தியவனுக்கும் மலத்தின் வாசனை பழைய பழக்கத்தால் மீளக்கூடும் என்பதை அறிந்து, அதைக் கழுவி, மெய்யன்பரோடு கலந்திருந்து, அவர்கள் திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடும்படி பன்னிரண்டாவது சூத்திரத்தில் விதித்திருக்கிறார். ஞானம் முதிர்ந்தவனுக்கு ஆலயமும் உற்சவமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. அவன் மற்றவர்களோடு சேர்ந்து வடம் பிடிக்க வருவது, கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு முன்மாதிரி காட்டுவதற்காக என்று சிலர் சமாதானம் கூறுவார்கள். சூத்திரம் அப்படிச் சொல்லவில்லை. அது அவனுக்காகவே விதித்தது.